முதலில் கண்ணாடி

எனக்கு வாய் நீளம். அம்மா சொல்வாள், ஆபீசில் எங்கள் தலைமை டாக்டர் சொல்வார், வீட்டுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவன்கூட ஒருமுறை சொல்லிவிட்டு ஓடியிருக்கிறான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை கெட்டது நுணல் மட்டுமில்லை, அதன் குடும்பமும்தான்.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. இறந்தவர்களின் உறுப்புகளிலிருந்து பிணவறை டாக்டர்கள் சின்னச் சின்னத் துண்டுகள் வெட்டி ஃபார்மலினில் போட்டு எங்கள் லேபுக்கு அனுப்புவார்கள். டெக்னீசியன் அம்மாள் ஒருத்தி இருக்கிறாள், எல்லாருக்கும் அவள் வெட்டுக்காரம்மா. அவள் அந்தத் துண்டுகளை மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மெல்லிசாகச் சீவி, வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, கண்ணாடி ஸ்லைடில் ஏந்தி, சாயம் ஏற்றித் தருவாள். நான் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, சாவதற்கு முன் உள்ளே என்ன நடந்தது என்று எழுதுவேன். பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். எங்களுக்கு அந்த ஒரு சோற்றில் ஒரு சீவல் போதும்.

நான் உட்காரும் அறைக்கு ஜன்னல் கிடையாது. முன்பு அது பழைய சாமான் போட்டு வைத்த அறை. கதவு உள்பக்கமாகத் திறந்து என் நாற்காலியில் இடிக்கும். யாராவது உள்ளே வரவேண்டுமென்றால் நான் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். "மேடம், உங்க ரூம்ல ரெண்டு பேரு ஒண்ணா மூச்சு விட முடியாது, முறை வெச்சுத்தான் விடணும்" என்பாள் வெட்டுக்காரம்மா. சொல்லிவிட்டு உள்ளே வந்து அரை மணி நேரம் பேசுவாள்.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. கேஸோடு வரும் காகிதத்தைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுத்தான் ஸ்லைடைப் பார்ப்பேன். முதலில் கண்ணாடி, பிறகு காகிதம். காகிதத்தில் மற்றவர்கள் சொன்னது இருக்கும், கண்ணாடியில் உடம்பு சொன்னது இருக்கும். எங்கள் தலைமை டாக்டர், பெரியவர், இதில் நேர் எதிர். காகிதத்தை வரிவிடாமல் படித்துவிட்டு, ஸ்லைடைப் போகிற போக்கில் ஒரு பார்வை பார்த்து, 'தெரிவிக்கப்பட்ட விவரத்தோடு ஒத்துப்போகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். காகிதத்தில் மாரடைப்பு என்று இருந்தால் அவருக்குக் கல்லீரலில்கூட மாரடைப்பு தெரியும். இதற்காக அவரோடு நான் சண்டை போடாத மாதம் கிடையாது.

அன்றைக்கு வந்தது ஐந்து ஸ்லைடு. நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், குடல், அட்ரீனல் சுரப்பி. தீக்காயம் என்று காகிதத்தைத் திருப்பாமலே தெரிந்தது, மூச்சுக்குழாய்ச் சளியில் கரித்துகள் அப்பியிருந்தது. தீ எரிந்தபோது மூச்சு விட்டுக்கொண்டிருந்தவன். அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆனால் காற்றறைகளின் சுவர் நெடுகப் பால் ஆறினால் கட்டும் ஆடைபோல ஒரு படலம் படிந்திருந்தது. அதற்குள் சீழ் அணுக்கள் மொய்த்துக் கிடந்தன, நடுவில் கிருமிகள் நீலத் திட்டாக. கல்லீரலில் ரத்தக்குழாயைச் சுற்றி அணுக்கள் செத்திருந்தன, மிச்சமிருந்தவற்றில் கொழுப்புக் குமிழிகள். குடலில் புதிதாக ஒரு புண். அட்ரீனலில் ரத்தக் கசிவு.

சிறுநீரகத்தை இரண்டு தடவை பார்த்தேன். வெந்த தசையிலிருந்து கரைந்து வரும் நிறம் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் போய்க் கட்டியாக அடைத்துக்கொள்ளும். இங்கே குழாய்க்குக் குழாய் பழுப்புக் கட்டி. உள்சுவர் உரிந்து விழுந்திருந்தது. உரிந்த இடத்தின் ஓரத்தில் உயிரோடு மிஞ்சிய சில அணுக்கள் தட்டையாக நீண்டு படுத்து ஓட்டையை மூடப் பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று இரண்டாகப் பிரியும் நிலையில் அப்படியே நின்றிருந்தது. பழுதுபார்க்கிற வேலை அது. அந்த ஆள் செத்துக்கொண்டிருக்கும்போது அவன் சிறுநீரகம் நம்பிக்கையோடு வேலையைத் தொடங்கியிருக்கிறது.

இதெல்லாம் நிமிஷத்தில் நடப்பதில்லை. நாள் கணக்கு வேண்டும்.

எங்கள் தொழிலில் ஒரு தவறு நடக்கும். வெந்நீர்த் தொட்டியைச் சரியாகத் துடைக்காவிட்டால், முந்தைய கேஸின் துணுக்கு மிதந்துகொண்டே இருந்து அடுத்தவரின் ஸ்லைடில் ஏறிவிடும். அதற்கு எங்கள் லேபில் பெயர் 'விருந்தாளி'. ஒருமுறை ஒரு பாட்டியம்மாவின் ஸ்லைடில் ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. அதை வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் சொல்லப்போய், என் தம்பிக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. அதனால் இதுவும் விருந்தாளியோ என்று பார்த்தேன். இல்லை. விருந்தாளி ஒரு ஸ்லைடுக்கு வருவான். குடும்பத்தோடு வந்து ஐந்து அறையிலும் பாய் விரிக்க மாட்டான்.

"எழுதிக்கோங்க" என்றேன் கதவோரம் நோட்டோடு நின்ற வெட்டுக்காரம்மாவிடம். அவள்தான் நான் சொல்வதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். "தீக்காயம் பட்டதுக்கு அப்புறம் குறைஞ்சது மூணு நாள் உயிரோட இருந்திருக்கார்."

"ஐயோ பாவம். எந்த ஆஸ்பத்திரியில இருந்தாராம்?"

அதைப் பார்க்கத்தான் காகிதத்தைத் திருப்பினேன். 'காலையில் பணியிடத்தில் தீ விபத்து. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவரும் வழியில் மரணம். ஒரு மணி நேரத்துக்குள்.' கீழே பிணவறை டாக்டர் பேனாவால் எழுதியிருந்தார்: 'தோலில் பழைய மருந்தின் தடம் போல் உள்ளது. உறுதியில்லை.' பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஒரு மணி நேரமாம்! யாருக்குக் காது குத்தறான் இவன்? முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்கிற வேலை. எரிஞ்ச மனுஷனை மூணு நாள் எங்கயோ போட்டு அடைச்சு வெச்சிருக்கான், செத்ததும் தூக்கிட்டு ஓடி வந்திருக்கான். இவனையெல்லாம் உள்ள தள்ளி சாவியைக் கடல்ல போடணும். இவனை இல்ல, இவனைப் பெத்தவளைச் சொல்லணும்!"

"பேரு என்ன போட்டிருக்கு மேடம்?" என்றாள்.

இரண்டாவது பக்கத்தைத் திருப்பினேன். இறந்தவர், சோபா மெத்தைப் பட்டறைத் தொழிலாளி. விபத்து நடந்த இடம், பட்டறையின் முகவரி. உடலைக் கொண்டுவந்தவர், பட்டறை உரிமையாளர். என் தம்பி.

நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூட இடமில்லை. வெட்டுக்காரம்மா கதவோரம் நின்றிருந்தாள். என் முகத்தையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தம்பி எத்தனையோ தடவை என்னை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டிருக்கிறான், அவளுக்கு அவன் பெயர் தெரியும்.

"எனக்குக் காது மந்தம் மேடம்" என்றாள் மெதுவாக. "நான் ஒண்ணும் கேக்கல. நீங்க இன்னும் ஒண்ணும் சொல்லல. கம்ப்யூட்டர்ல ஒரு எழுத்து ஏத்தல." அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். எனக்கோ கதவை வெளியிலிருந்து சாத்தினமாதிரி இருந்தது.

இறந்தவனை எனக்குத் தெரியும். தீக்காயக் கேஸ் வாரத்துக்கு நாலு வரும், ஒரு மணி நேரத்தைப் பார்த்த ஆத்திரத்தில் இது அவனாக இருக்கும் என்று தோன்றவே இல்லை. நெட்டையன் என்போம். எங்கள் வீட்டுக்கு அம்மாவின் கட்டிலைக் கொண்டுவந்து மாட்டியவன் அவன்தான். வாசலுக்கு வாசல் குனிந்து குனிந்து வருவான். "உங்க வீட்டுல எல்லா கதவுக்கும் ஒரு வணக்கம் போட்டுட்டேன்மா" என்று அம்மாவைச் சிரிக்கவைப்பான். முந்தின வியாழக்கிழமை தம்பி அழுதுகொண்டே வந்து, பட்டறையில் தீ, நெட்டையன் போய்விட்டான் என்றபோது நாங்கள் எல்லோருமே அழுதோம். தீயை அணைக்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டேன் என்று கட்டுப்போட்ட வலது கையைத் தூக்கிக் காட்டினான்.

அந்தக் கட்டைப் போட்டுவிட்டவள் நான். போட்டது அதற்கு மூன்று நாள் முன்பு, திங்கட்கிழமை.

அது இப்போதுதான் உறைத்தது. திங்கட்கிழமை மத்தியானம் போன் பண்ணினான். "அக்கா, தீக்காயத்துக்கு என்ன களிம்பு போடலாம்?" பசை காய்ச்சுகிற சட்டியில் கை பட்டுவிட்டதாம். குளிர்ந்த தண்ணியை நிறைய ஊத்து, பற்பசை கிற்பசை பூசித் தொலைக்காதே என்று ஒரு களிம்பின் பெயரைச் சொன்னேன். "இடம் பெருசா இருந்தா எவ்ளோ பூசணும்?" என்றான். "உன் கை என்ன யானைக் கையா? அவ்ளோ பெருசா இருந்தா களிம்பு எதுக்குடா, நேரா ஆஸ்பத்திரிக்குப் போ" என்று திட்டிவிட்டு வைத்தேன். சாயங்காலம் வந்தபோது உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். நான் கட்டுப்போட்டேன். வியாழன் வந்தபோது அதே கட்டு வேறொரு தீயின் கட்டாகிவிட்டது, நான் அதைக் கவனிக்கவில்லை. ஊரார் தசையை ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்க்கிறவளுக்கு வீட்டில் இருக்கிற கை தெரியவில்லை.

அன்று சாயங்காலம் எங்கள் குடியிருப்பின் கீழே நின்று அவனுக்காகக் காத்திருந்தேன். வந்தான். லிஃப்டில் ஏறினோம். வீடு ஐந்தாவது மாடி. மூன்றைத் தாண்டியதும் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். லிஃப்ட் குலுங்கி நின்றது.

"என்னக்கா பண்ற? ஓட விடு."

"உன் கை எப்போ சுட்டுச்சு?"

"வியாழக்கிழமை... ஏன்?"

"நான் கட்டுப் போட்டது திங்கட்கிழமைடா."

அவன் கதவைப் பார்த்தான். நெற்றி வேர்த்துவிட்டது. சின்ன வயதிலிருந்து இவன் பொய் சொன்னால் காது மடல் சிவக்கும். இப்போது சிவக்கவில்லை. முகம் முழுக்க வெளுத்துக் கிடந்தது.

"அக்கா, முதல்ல இதை ஓட விடு. என்னால மூடின இடத்துல நிக்க முடியல. சத்தியமா முடியல."

"சொல்லு, ஓட விடறேன்."

சொன்னான். பசை டின்களைப் பின்னறையில் அடுக்கி வைக்காதே என்று அதிகாரிகள் முன்பே எச்சரித்திருந்தார்கள். திங்கட்கிழமை காலை இவனும் நெட்டையனும் மட்டும். ஒரு டின்னின் மூடி திறந்திருந்தது தெரியாமல் நெட்டையன் ஸ்விட்சைப் போட்டான். மெத்தைப் பஞ்சை வைத்து அமுக்கி இருவருமாகத் தீயை அணைத்துவிட்டார்கள். ஆனால் நெட்டையனுக்கு நெஞ்சிலிருந்து தொடைவரை வெந்துவிட்டது.

"ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் வரும், பட்டறையை சீல் வெச்சிடுவாங்கன்னு பயந்துட்டேன். அவன் நல்லாத்தான்க்கா இருந்தான் முதல் நாள். டீ குடிச்சான். 'மீசை போச்சே முதலாளி, வீட்டுல உள்ள விட மாட்டாங்களே'ன்னு சிரிச்சான். ரெண்டு நாள்ல ஆறிடும்னு நெனச்சேன்."

முதல் நாள் நன்றாகத்தான் இருப்பார்கள். பேசுவார்கள், சிரிப்பார்கள். அதுதான் தீக்காயத்தின் சூழ்ச்சி. உள்ளே குழாய்கள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டிருக்கும்.

"களிம்பு நீ சொன்னதுதான் பூசினேன். குளிர்ந்த தண்ணி ஊத்தினேன். பற்பசை போடல. நீ சொன்னதெல்லாம் செஞ்சேன்க்கா."

"ஒண்ணைத் தவிர."

அவன் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினான், தட்டிவிட்டேன்.

"அவனுக்கு ஒண்ணுக்குப் போறது எப்போ நின்னுச்சு?"

திடுக்கிட்டு என்னைப் பார்த்தான். "ரெண்டாம் நாள் சாயங்காலம். உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் பார்த்துட்டேன்டா. அவன் கிட்னியைப் பார்த்துட்டேன். கதவு? பின்னறைக் கதவு திறந்திருந்துச்சா?"

"வெளிய தாழ் போட்டிருந்தேன். யாராவது பார்த்துடக் கூடாதேன்னு." அழ ஆரம்பித்துவிட்டான். "தட்டிக்கிட்டே இருப்பான்க்கா. பலமா இல்ல. மெதுவா. இப்போ மூடின கதவைப் பார்த்தாலே எனக்கு அந்தச் சத்தம் கேக்குது."

பளாரென்று ஒரு அறை விட்டேன். அவனுக்கு அறை விழுந்ததில் ஒரு நிம்மதி வந்தமாதிரி இருந்தது, அதைப் பார்த்து எனக்கு இன்னும் ஆத்திரம். நான்தான் இவனை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள். அப்பா போன பிறகு அம்மா வேலைக்குப் போனாள், இவன் என் முதுகிலேயே வளர்ந்தான்.

"அக்கா" என்றான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நீ சொல்லுவியே, அந்த விருந்தாளி கதை. வேற யாரோட துண்டோ வந்து ஒட்டிக்கிச்சுன்னு எழுத முடியாதா? அப்படி நடக்கும்தானே? நீதானே சொன்ன?"

நான் சிரிக்கச் சொன்ன கதையை எடுத்து என் கழுத்துக்கே கயிறாக நீட்டுகிறான். பொத்தானை விட்டேன். லிஃப்ட் ஏறியது.

வீட்டில் அம்மா தட்டு வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு விஷயம் முழுதாகத் தெரியாது. போலீஸ் தொந்தரவு, அக்கா ஆபீசில் ஏதோ ரிப்போர்ட் நிற்கிறது என்று மட்டும், நான் துணி மாற்றுவதற்குள் தம்பி சொல்லி வைத்திருக்கிறான். நான் கை கழுவப் போனபோது பின்னாலேயே வந்தாள். "நீ கொஞ்சம் பார்த்துப் பண்ணுடி. பட்டறையில தீ பிடிச்சா இவன் என்ன செய்வான்? தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும்னு சொல்லுவாங்க." தசையைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறாள் என்று எரிச்சல் வந்தது. ஆனால் ஆடத்தான் செய்தது.

நெருங்கிய உறவினர் சம்பந்தப்பட்ட கேஸை நான் எழுதக்கூடாது என்பது விதி. பெரியவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். எழுதினாலும் எந்த வக்கீலும் ஒரே வரியில் கிழித்துப்போடுவான். ஒப்படைத்தால் என்ன ஆகும்? பெரியவர் காகிதத்தைப் படிப்பார். ஒரு மணி நேரத்துக்குள் மரணம். 'தெரிவிக்கப்பட்ட விவரத்தோடு ஒத்துப்போகிறது.' கையெழுத்து. தம்பி தப்பித்துவிடுவான். நான் பொய் சொல்ல வேண்டியதே இல்லை, விதிப்படி நடந்தால் போதும். என் கை சுத்தமாக இருக்கும், ஊர் மெச்சும். மறுநாள் காலை ஜன்னலில்லாத அந்த அறையில் உட்கார்ந்து இதைத்தான் திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டிருந்தேன். இருதலைக் கொள்ளி எறும்பு என்று எத்தனையோ தடவை வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறேன். எறும்பின் பக்கம் நின்று பார்த்ததில்லை.

கதவு என் நாற்காலியில் இடித்தது. வெட்டுக்காரம்மா தலையை மட்டும் நீட்டினாள். "மேடம், அந்தத் தீக்காயக் கேஸோட வீட்டுக்காரம்மா வந்திருக்காங்க. ரிப்போர்ட் எப்போ வரும்னு கேக்கறாங்க. நான் என்ன சொல்ல?"

'நானே பேசறேன்' என்று ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நெட்டையனுக்குப் பாதி உயரம் இருப்பாள். நான் யார் வீட்டுப் பெண் என்று அவளுக்குத் தெரியாது.

"ரிப்போர்ட்டுக்கு இன்னும் நேரம் ஆகும்மா."

"பரவாயில்ல டாக்டர். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும்." கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே பேசினாள். "அவர் மேல எனக்குக் கோவம். செத்தவர் மேல கோவப்படலாமான்னு கேக்காதீங்க. திங்கட்கிழமை வெளியூருக்கு லோடு எடுத்துட்டுப் போயிருக்கார்னு முதலாளி போன் பண்ணாரு. சரின்னுட்டேன். எங்க போனாலும் போய்ச் சேர்ந்ததும் ஒரு போன், திரும்பி வந்து இறங்கினதும் ஒரு போன். கல்யாணம் ஆனதுலேர்ந்து தவறினது இல்ல. இந்தத் தடவை ரெண்டும் இல்ல. வியாழக்கிழமை காலையில வந்து இறங்கி, பட்டறைக்குள்ள போய், அப்புறம்தான் தீயாம். இறங்கினவர் ஏன் எனக்குப் பண்ணல?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நீளமான வாய் என்று பெயர் வாங்கியவள் நான்.

"மூணு நாளும் திட்டித் திட்டி மெசேஜ் அனுப்பினேன். எவ கூட இருக்கேன்னுகூடக் கேட்டுட்டேன் டாக்டர். அதைப் படிச்சிட்டுத்தான் பண்ணலையோ? வீட்டுக்கு வரப் பிடிக்காம நேரா பட்டறைக்குப் போய்ட்டாரோ? போன் தீயில போயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க. படிச்சாரா இல்லையான்னு கூட எனக்குத் தெரியாது." நிமிர்ந்து பார்த்தாள். "இதெல்லாம் உங்க மிஷின்ல தெரியாதுல்ல?"

"சிலது தெரியும்மா" என்றேன். அதற்கு மேல் நின்றால் அங்கேயே அழுதுவிடுவேன் என்று தோன்றியது, உள்ளே வந்துவிட்டேன்.

ஸ்லைடுத் தட்டை எடுத்துக்கொண்டேன். காகிதத்தை மடித்துக் கோட்டுப் பைக்குள் போட்டேன். பெரியவர் அறைக்குப் போனேன். அவர் அறையில் இரட்டை மைக்ராஸ்கோப் இருக்கிறது, இருவர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே ஸ்லைடைப் பார்க்கலாம்.

"சார், ஒரு கேஸ். நான் எழுதக்கூடாத கேஸ். நீங்கதான் பார்க்கணும்."

"பேப்பர் எங்கம்மா?"

"தர்றேன் சார். முதல்ல கண்ணாடி."

"ஆரம்பிச்சிட்டியா?" என்று அலுத்துக்கொண்டார். "விட மாட்டியே. போடு."

நுரையீரலை வைத்தேன். என் எதிரே அவர் குனிந்தார், நானும் குனிந்தேன். ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இதுவரை வாழ்நாளில் செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான்.

"கரி இருக்கு. தீக்காயம்" என்றார். நகர்த்தினார். "அட, படலம் கட்டியிருக்கே." இன்னும் நகர்த்தினார். அலுப்பு குரலிலிருந்து போய்விட்டது. "சீழ் பிடிச்சிருக்கு. கிட்னி கொடு."

கொடுத்தேன். மூலைக்கு மூலை நகர்த்திப் பார்த்தார். காகிதம் இல்லாமல் அவர் ஒரு ஸ்லைடை இப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. வட்டத்துக்குள் அந்த ஒற்றை அணு வந்து நின்றது, இரண்டாகப் பிரியப் போகும் அதே நிலையில். பெரியவர் அதை நடுவுக்குக் கொண்டுவந்தார்.

"பாரும்மா இதை. ரிப்பேர் வேலை ஆரம்பிச்சிருக்கு. மூணு நாள், கூடவும் இருக்கலாம். எந்த ஆஸ்பத்திரியில இருந்தான் இவன்? ஒழுங்கா சலைன் ஏத்தியிருந்தா கிட்னி இப்படி அடைச்சிருக்காதே. பிழைச்சிருப்பானேம்மா."

பிழைச்சிருப்பானே. அதை நான் அதுவரை எனக்குள்ளேகூடச் சொல்லிக்கொள்ளாமல் வைத்திருந்தேன். காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். ஒரு மணி நேரம் என்ற இடத்தில் உதட்டைப் பிதுக்கினார். இரண்டாவது பக்கத்துக்குப் போனார்.

"உரிமையாளர் என் தம்பி சார்."

பெரியவர் காகிதத்தை மேஜைமேல் வைத்தார். "பைத்தியமாம்மா நீ?" என்றார். "பேப்பரோட கொண்டு வந்திருந்தா நான்..." அங்கே நிறுத்திக்கொண்டார். அவர் முகம் சுருங்கிப்போனது. பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார். "நீ போ. நான் எழுதறேன்."

சாயங்காலம் மாடிப்படி ஏறித்தான் வீட்டுக்குப் போனேன், லிஃப்டில் ஏறப் பிடிக்கவில்லை. தம்பி அவன் அறையில் கதவை அகலத் திறந்து வைத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அம்மா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா சொன்ன?"

"நான் ஒண்ணும் சொல்லல."

ஒரு பெருமூச்சு விட்டான், அப்படியே சரிந்து தலையணையில் சாய்ந்தான். "எனக்குத் தெரியும்க்கா. நீ என்னை விட்டுக்கொடுக்க மாட்ட." கண்ணை மூடிக்கொண்டான். சின்னப்பிள்ளையில் காய்ச்சல் இறங்கினால் இப்படித்தான் கிடப்பான். இதோடு நிறுத்திவிட்டுப் போய் முகம் கழுவு என்று எனக்குள் ஒருத்தி கெஞ்சினாள்.

"நான் சொல்லலடா. பெரியவர் சொன்னார். நான் காட்டினேன், அவரே பார்த்து மூணு நாள்னு சொன்னார். எழுதிட்டார். நாளைக்கு வருவாங்க."

கண்ணைத் திறந்தான். கத்துவான், என்னை அடிப்பான் என்று நினைத்தேன். எழுந்து உட்கார்ந்தான், அவ்வளவுதான்.

"வைத்தியம் பார்த்திருந்தா பிழைச்சிருப்பானாம். அதையும் சொன்னார்" என்றேன். "அவன் பொண்டாட்டி இன்னிக்கு வந்தா. போய்ச் சேர்ந்ததும் ஏன் போன் பண்ணல, வந்து இறங்கினதும் ஏன் பண்ணலன்னு கேக்கறா. கோவமா இருந்தாரோன்னு கேக்கறா. அவளுக்கு நான் என்னடா சொல்லட்டும்?"

அவன் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"கேட்டுக்கிட்டேதான் இருந்தான்" என்றான். "கதவைத் தட்டினது அதுக்குத்தான். 'முதலாளி, போனை மட்டும் குடுங்க, வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிட்டு வெச்சிடறேன்'னு. கடைசி நாள் வரைக்கும் அதையேதான் கேட்டான்."

"போன் தீயில போயிடுச்சுன்னு அவகிட்ட சொன்னியே?"

எழுந்து பீரோவைத் திறந்தான். துணிகளுக்கு அடியிலிருந்து எடுத்தான். ஓரம் உடைந்த, பழைய போன். என்னிடம் கொடுக்கவில்லை. அவனே சார்ஜரைச் செருகினான், பொத்தானை அழுத்தினான், கட்டிலின் மேல் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தான். வெளிச்சம் வந்தது. சிக்னல் வந்தது. பிறகு அது கூவ ஆரம்பித்தது. ஒன்று, அடுத்து ஒன்று, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. திங்கட்கிழமையிலிருந்து வெளியே நின்றவை எல்லாம் ஒன்றாக உள்ளே வந்தன. திரையில் முதல் வரிகள் வந்து வந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறின. போய்ட்டியா. சாப்டியா. ஏன் எடுக்க மாட்டேங்கற. நான் படிக்கப் பொறுக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தம்பி திருப்பவில்லை.

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது.

"யாருக்குடா இவ்ளோ மெசேஜ் வருது?" என்றாள் அம்மா.

"நெட்டையனுக்கும்மா" என்றான்.